வாடட்டும் என்று வைத்த பூசணி

நான் கலைக்கூடத்துக்கு முதன்முதலில் போனது கலைக்காக இல்லை, மின்விசிறிக்காக. திருப்பதியில் டிகிரி படித்துக்கொண்டிருந்த காலம். ஏப்ரல் வந்துவிட்டால் எங்கள் ஹாஸ்டல் அறையில் உட்கார முடியாது, சுவரைத் தொட்டால் கை சுடும். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், மரங்களுக்குப் பின்னால் தள்ளி ஒரு பழைய கட்டடம் இருந்தது. மாணவர்களுக்கு டிக்கெட் ஒரு டீ விலைதான். உள்ளே உயரமான கூரை, நீளக் கம்பிகளில் தொங்கும் பெரிய பெரிய விசிறிகள், அவற்றுக்குக் கீழே பெஞ்சுகள். எந்தப் படம் விசிறிக்கு நேராக மாட்டியிருந்ததோ அதைத்தான் நான் நன்றாகப் பார்த்தேன். என் ரசனையை வளர்த்ததில் மின்சார வாரியத்துக்கும் பங்கு உண்டு.

அப்படி என் தலையில் கட்டப்பட்டதுதான் அந்தப் பழுப்புப் படம். சுவர் அளவுக்குப் பெரியது. முழுக்கப் பழுப்பு. கீழ்ப்பக்கமாக ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. அவ்வளவுதான். முதல் நாள் எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் தெருவில் சுண்ணாம்பு அடிக்கிறவர் மீந்த சாயத்தைச் சுவரில் தேய்த்துவிட்டுப் போனால்கூட இதைவிட ஏதாவது தெரியும் என்று நினைத்தேன். ஆனால் வேறு விசிறி காலியாக இல்லை. மறுநாளும் அங்கேதான் உட்கார்ந்தேன். அதற்கு மறுநாளும். உட்கார உட்கார அந்தப் பழுப்பு ஒரே பழுப்பு இல்லை என்று தெரிந்தது. ஓரிடத்தில் வெல்லப்பாகு, ஓரிடத்தில் மழை நனைத்த மண், மேலே ஒரு மூலையில் பழைய துருவின் நிறம். வெள்ளைக் கோடு ஒரு நாள் வயல் வரப்பாக இருந்தது, ஒரு நாள் சாத்திய கதவுக்கு அடியில் வரும் வெளிச்சமாக இருந்தது. மதியம் சாப்பிடாமல் போன நாளில் அது முற்றிலும் வேறு படம். மாதக் கடைசியில், அதைப் பார்க்காமல் செல்போனைத் தடவிக்கொண்டே கடந்து போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வர ஆரம்பித்தது. கோபப்படுவதற்கு எனக்கு எப்போதும் ஏதாவது கிடைத்துவிடும்.

என் வகுப்புத் தோழியையும் ஒரு நாள் இழுத்துக்கொண்டு போனேன். அவள் வீட்டார் தலைமுறை தலைமுறையாகத் திருமலைக் கோயில் கைங்கரியத்தில் இருக்கிற தமிழ் வைஷ்ணவர்கள். எங்கள் வீட்டார் சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர்கள். இரண்டு வீட்டிலும் வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. எங்கள் சிநேகம் அதில் ஆரம்பித்தது.

வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்து வாசலில் அவள் சட்டென்று நின்று செருப்பைக் கழற்றினாள். இது மியூசியம், யாரும் கழற்ற வேண்டாம் என்றேன். "உனக்குத் தெரியாதுடீ, பேசாம இரு" என்றாள். உள்ளே போய் ஒரு பெருமாள் சிலைக்கு நேராக நிற்காமல், பின்னால் வருகிறவர்களுக்கு மறைக்கக் கூடாது என்று பக்கவாட்டில் ஒதுங்கி நின்று கை கூப்பினாள். கூடத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் முகம் வாடிவிட்டது.

"ஒரு வஸ்திரம்கூட சாத்தலியே. ஒரு பூ இல்ல. இப்படி அவரை நான் சேவிச்சதே இல்ல" என்றாள்.

எனக்கு அந்தக் கவலை இல்லை. கோயிலுக்குள் போயே பழக்கமில்லாத எனக்கு, ஒரு சிலையை மூக்குக்கு முன்னால் பார்ப்பதே புதிது. விரல் நகங்களைக்கூடச் செய்திருந்தார்கள். உதட்டில் சிரிப்பு வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. நான் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே தலைக்குப் பின்னால் ஒரு சின்னச் சக்கரம், அதிலிருந்து தோளில் இறங்கும் சுருள் சுருளான முடி. யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஒருவர் அதை உட்கார்ந்து செய்திருக்கிறார். தோழியைக் கூப்பிட்டேன்.

"பின்னாடியெல்லாம் போய்ப் பாக்கப்படாது" என்றாள். ஆனால் நான் அடுத்த சிலைக்கு நகர்ந்ததும் மெதுவாக அவளும் சுற்றிக்கொண்டு போவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். வெகுநேரம் திரும்பி வரவில்லை. வந்ததும், "எங்காத்துல இத்தனை பேர் அவருக்குப் பண்றா. பின்னழகு இப்படின்னு ஒருத்தர் சொல்லலே பாரு" என்றாள். அப்புறம் பெருமாளுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று பின்வாங்கியபடியே நடந்து போய், ஒரு கல் நந்தி இடித்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். காவல்காரர் ஓடி வந்தார். நாங்கள் வெளியே வந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கடைசி வருஷம் முடிகிற சமயத்தில் நான் அங்கே போகாத நாள் குறைவு. திருமலையில் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் காயாமல் இறங்கி வருகிற குடும்பங்கள், ரயிலுக்கு நேரம் இருந்தால் கலைக்கூடத்துக்குள் வருவார்கள். தமிழ் ஆட்கள் நிறைய. காவல்காரருக்குத் தமிழ் வராது. அவர்கள் கேட்கிறதற்கு நான் பதில் சொல்ல ஆரம்பித்து, பிறகு கேட்காததற்கும் சொல்ல ஆரம்பித்தேன். பழுப்புப் படத்துக்கு முன்னால் ஒரு மொட்டைத் தாத்தாவைக் கால் மணி நேரம் உட்கார வைத்தேன். "எங்க ஊரு ஏரி வத்திப்போனா இப்டித்தான் இருக்கும்" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

கலைக்கூடத்துப் பொறுப்பில் இருந்த மேடம் தெலுங்குக்காரர். நரைத்த முடி, பருத்திப் புடவை, யாரையும் அதட்டாத குரல். இதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "ரோஜூ வஸ்துன்னாவு கதா, இக்கடே சேரிப்போ" என்றார். தினமும் வருகிறாயே, இங்கேயே சேர்ந்துவிடு என்று அர்த்தம். விளையாட்டாகச் சொல்லவில்லை. வருகிறவர்களுக்குக் காட்சிகளை விளக்கிச் சொல்ல அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. மாதச் சம்பளம், கூடவே மியூசியம் சம்பந்தமான படிப்பை அஞ்சல் வழியில் படித்துக்கொள்ளலாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் சித்தூரில் நைனா, என் அப்பா, எனக்கு வேறு வேலை முடித்து வைத்திருந்தார். நைனாவுக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை. போர் மோட்டார் எரிந்துபோனால் சுற்று வட்டாரமெல்லாம் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வரும். அவர் தம்பி, என் சித்தப்பா, ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் சொல்லி அங்கே எனக்கு இடம் பேசியாகிவிட்டது. நான் கலைக்கூடத்து விஷயத்தைச் சொன்னதும் நைனா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

"ஸ்ரீ சிட்டியில ஹாஸ்டல் குடுக்கறான். வேளாவேளைக்கு கேண்டீன்ல துன்னலாம். ஏசியில வேலை. திருப்பதியில இன்னா வேலை? செவுத்துல படம் மாட்டிக்கினு இருக்குது. அதுக்குப் பக்கத்துல நின்னுக்கினு பேசறதுக்கு ஒரு சம்பளமா?"

"ஒருவாட்டி வந்து பாரு நைனா. பாத்துட்டு வேணாம்னு சொல்லு, நான் போறேன் ஸ்ரீ சிட்டிக்கு" என்றேன். வாய் அவசரப்பட்டுவிட்டது. சொன்ன பிறகு அதைத் திரும்ப வாங்க முடியவில்லை. சித்தப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அதே வெள்ளைச் சட்டையோடு நைனா என்னுடன் பஸ் ஏறினார். கையில் ஒரு பை நிறைய நீலம் மாம்பழம். வெதுருகுப்பம் பக்கத்திலிருந்து மோட்டார் கொண்டு வந்த ஒருவர் தோப்பில் பறித்துக் கொடுத்தது. பெரிய மனுஷியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பது நைனா கட்சி. வழி முழுக்க நான் எதை முதலில் காட்டுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். பழுப்புப் படத்தை முதலில் காட்டக் கூடாது. அதில் மட்டும் தெளிவாக இருந்தேன்.

வெண்கலக் கூடத்தில் நைனா மரியாதையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வார்ப்பு நன்றாக இருக்கிறது என்றார். கொஞ்சம் தெம்பு வந்தது. அடுத்து பெரிய கூடத்தில் ஒரு புதுக் கண்காட்சி. ஐதராபாத்திலிருந்து வந்த ஒரு பெண் கலைஞர் செய்தது. அங்கே விசிறிக்குக் கீழே நைனாவை உட்கார வைத்தேன்.

"இங்கயே குந்திக்கினு இரு நைனா. நான் போயி மேடத்த கூட்டிக்கினு வரேன்."

அந்தக் கூடத்தில் என்ன இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வெள்ளைத் துணி விரித்த படிகள். இரண்டு பக்கமும் நிறுத்திக் கட்டிய கரும்பு. படிகளில் பூசணிக்காய், வாழைத்தார், நெற்கதிர், வேரோடு பிடுங்கிய வேர்க்கடலைச் செடி, கத்திரிக்காய், தக்காளி. எல்லாம் நிஜம். கண்காட்சி தொடங்கி மூன்றாவது வாரம் ஆகியிருந்ததால் எல்லாம் வாடி, சுருங்கி, கறுத்துப் போயிருந்தன. முன்னால் தரையில் ஒரு வெள்ளைக் கோடு, அதைத் தாண்டக் கூடாது. சுவரில் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் ஒரு விளக்க அட்டை. நைனா அந்த அட்டையைப் படிக்கவில்லை. வாடகைக்கு விடும் நோட்டீஸோ என்னவோ என்று விட்டுவிட்டார்.

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு தரம் அறுப்பின் பண்டிகை வரும். அவரவர் விளைச்சலில் முதலாவதை, நல்லதாகப் பார்த்து, சர்ச்சுக்குக் கொண்டு வருவார்கள். ஆல்டருக்கு முன்னால் படி கட்டி, வெள்ளைத் துணி விரித்து, இரண்டு பக்கமும் கரும்பு கட்டி அதையெல்லாம் அடுக்குவார்கள். எங்கள் சர்ச்சில் அதை அடுக்குகிறவர் நைனாதான். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர்தான். பெரிய காய் பின்னால், சின்னது முன்னால், அழுகினது எதுவாக இருந்தாலும் யார் கொடுத்ததாக இருந்தாலும் வெளியே. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவரை அந்தக் கூடத்தில் உட்கார வைத்தபோது இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. எனக்கு அது கலை, அவ்வளவுதான்.

மேடத்தோடு திரும்பி வந்தால் நைனா பெஞ்சில் இல்லை. வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அவர் செருப்பு ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்திருந்தது. அந்தப் பக்கம் அவர், சட்டைக் கையை மடித்துவிட்டு, முட்டி போட்டுக்கொண்டிருந்தார். பூசணிகள் பின்வரிசைக்குப் போயிருந்தன. அவிழ்ந்து கிடந்த நெற்கதிர் புதிதாக முடிச்சுப் போட்டு நிமிர்ந்து நின்றது. கறுத்த வாழைப்பழமும் அழுகின தக்காளியும் மாம்பழம் கொண்டு வந்த பைக்குள் போய், வெளியே கொட்டுவதற்குத் தயாராக ஓரத்தில் இருந்தன. முன்வரிசையில் எங்கள் மாம்பழங்கள் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. என்னைப் பார்த்து நைனா திருப்தியாகத் தலையாட்டினார்.

"யாரு வெச்சாங்களோ தெரியல பாப்பா. ஆண்டவருக்கு இப்டியா வெப்பாங்க? எல்லாம் அழுவிப் போயிருக்குது. கொஞ்சம் சரி பண்ணிட்டேன்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இத்தனை நாள் நான் கட்டி வைத்ததையெல்லாம் இந்த மனுஷன் பத்து நிமிஷத்தில் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டாரே என்று வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் காவல்காரர் ஓடி வந்து தெலுங்கில் பிடித்துக்கொண்டார். புத்தி இருக்கிறதா, இது என்ன உன் வீடா, கோடு போட்டிருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று. நைனா எழுந்து நின்றார். தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் அவருக்குப் புரிந்தது, என்ன தப்பு என்று புரியவில்லை. கையில் ஒரு வாடின கத்திரிக்காய். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். அதைப் பார்த்ததும் என் கோபம் எல்லாம் காவல்காரர் பக்கம் திரும்பிவிட்டது.

"அவர்கிட்ட அப்படிப் பேசாதீங்க. நான் சொல்றேன்" என்று தெலுங்கில் சொன்னேன். குரல் நான் நினைத்ததைவிடக் கெட்டியாக வந்தது.

மேடம் வாயில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அவரிடம் சொன்னேன். எங்கள் சபையில் இப்படி ஒரு பண்டிகை உண்டு, இதே படி, இதே துணி, இதே கரும்பு, அதை அடுக்குவது இவர்தான், யாரோ ஆண்டவருக்கு அழுகினதைக் கொடுத்துவிட்டார்கள் என்று இவருக்கு மனசு கேட்கவில்லை, தான் கொண்டு வந்த நல்ல பழத்தை முன்னால் வைத்துவிட்டார் என்று. உங்களுக்காகக் கொண்டு வந்த பழம் என்பதையும் சொன்னேன். மேடம் வெகுநேரம் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போச்சு என்று நான் முடிவே கட்டிவிட்டேன். கடைசியில், "சரி, இது என்னவென்று அவருக்கும் சொல்லு" என்றார்.

நான் நைனா பக்கம் திரும்பினேன். சுவரில் இருந்த அட்டையில் காலம், நிலையாமை என்று பெரிய பெரிய வார்த்தைகள் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு நைனாவிடம் ஒரு அடி நகர முடியாது.

"நைனா, இது ஆண்டவருக்கு வெச்சது இல்ல. பாக்கறதுக்கு வெச்சது. மொத நாளு எல்லாம் பச்சையா இருந்துச்சு. நாளாவ நாளாவ வாடுது. வாடட்டும்னுதான் வெச்சிருக்காங்க."

"வாடறத இன்னாத்துக்கு பாப்பா பாக்கணும்?"

"தக்காளி வெல வுழுந்துட்டா ரோட்டோரமா கொட்டிட்டுப் போறாங்க இல்ல? பஸ்ல போய்க்கினே பாக்கறோம். ஐயோ பாவம்னு சொல்றோம், அப்பால பஸ்ஸு தாண்டிடுது. இத செஞ்ச அம்மா இன்னா பண்ணியிருக்காங்கன்னா, அத பஸ்ஸு தாண்டாத எடத்துல கொண்டாந்து வெச்சிருக்காங்க."

நைனா கையிலிருந்த கத்திரிக்காயைப் பார்த்தார். பிறகு ஓரத்தில் இருந்த பையைப் பார்த்தார்.

"நானும் கண்ல படாம பையில போட்டுட்டேன்" என்றார்.



மேடம் தினமும் காலையில் கலைஞருக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுப்பார். அன்று காலை எடுத்தது அவர் போனில் இருந்தது. கலைஞரைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த அம்மா இதைக் கேட்டுச் சிரித்ததாகவோ நெகிழ்ந்ததாகவோ சொல்ல எனக்கும் ஆசைதான். அவருக்குக் கோபம் வந்தது. இருந்தபடியே வையுங்கள், இனிமேல் கோடு போதாது, கயிறு கட்டுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். நியாயம்தான்.

போட்டோ இருந்த போனை நான் பிடித்துக்கொண்டேன். நைனா பையை அவிழ்த்தார். "இது எங்க பாப்பா?" என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டார். அழுகின தக்காளியை உள்ளங்கையில் வைத்து, உடையாமல் இரண்டாம் படிக்குக் கொண்டு போனார். வாழைப்பழத்தை இன்னும் இடது பக்கம் தள்ளச் சொன்னேன், தள்ளினார். நெற்கதிரின் முடிச்சை அவிழ்த்து முன்பு போலவே கலைத்துவிடச் சொன்னபோது மட்டும் ஒரு நொடி தயங்கினார். கலைத்துவிட்டு, "சரியா வந்துச்சா பாரு" என்றார். வாழ்க்கையில் என்னிடம் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

எல்லாம் முடிந்ததும் மாம்பழங்களைத் துடைத்து மேடத்திடம் கொடுத்தார். காவல்காரர் முதலில் வேண்டாம் என்றார், பிறகு வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நாலு வாங்கிக்கொண்டார். வாசல்வரை வந்த மேடம் என்னிடம் மெதுவாக, "அந்தத் தக்காளி விஷயத்தை வருகிறவர்களுக்கும் சொல்லு, ஒன்றாம் தேதி வந்துவிடு" என்றார். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் நைனா இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

பஸ் ஏறினோம். சந்திரகிரி தாண்டியது. வேர்க்கடலை வாங்கி எனக்குப் பாதி கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லப்போகிறவர்தான் இப்படி அன்பாக நடந்துகொள்வார் என்று எனக்குப் பயம் வந்தது. பாகாலா தாண்டும்போது சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. நைனா பேசினது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"இல்ல தம்பி, அவ வர்ல. நீ கம்பெனியில சொல்லிடு. இங்க திருப்பதியிலயே வேலை கெடச்சிட்டுது... ஆமா, அந்தப் படம் வெச்சிருக்கற எடந்தான்... இன்னா வேலையா?"

நைனா நிறுத்தினார். என்னை ஒரு தரம் பார்த்தார். பக்கத்து சீட்டுக்காரருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினார், பஸ்ஸில் அவருக்கு மெதுவாகப் பேச வராது.

"நான் இன்னிக்கி அங்க போயி ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன்டா. அல்லாரும் என்னிய ஒரு மாதிரி பாத்துக்கினு நின்னாங்க. இவ வந்து, நான் பண்ணது இன்னான்னு அவங்களுக்குப் புரியிற மாதிரி சொன்னா. அவங்க பண்ணது இன்னான்னு எனக்குப் புரியிற மாதிரி சொன்னா. அதாண்டா வேலை."

நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று தெரிந்தால் அந்த மனுஷன் அதையும் தம்பியிடம் சொல்லிவிடுவார்.